ராயபுரத்து ஜன்னலில் ஒரு விமானத் துண்டு

தோள்வலிக்கு வைத்தியம் தேடிக் கடல் தாண்டி ஈப்போவிலிருந்து ராயபுரத்துக்கு யாராவது போவார்களா என்று என் தங்கை கேட்டாள். நான் போனேன். போய்ப் பார்த்தது டாக்டரை இல்லை. கப்பல் பட்டறையில் தகடு வளைத்து ஓய்வு பெற்ற அந்தோணி அண்ணனை. என் தோளைக் கெடுத்தவரே அவர்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் விமானத் திடல் ஓரத்துக் கொட்டகையில் நானும் லிம் என்கிற நண்பரும் சேர்ந்து, வரைபடம் வாங்கி, ஒரு சின்ன விமானத்தை நாங்களே கட்டினோம். இரண்டு பேர் உட்காரலாம். ஆள்தான் சின்னது, வேகத்தில் சூரப்புலி. தகடு வேலைக்கு வந்து வாய்த்தவர் அந்தோணி அண்ணன். அப்போது அவர் எங்கள் பக்கத்துத் துறைமுக ஊரான லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இருந்தார். லீவு விட்டால் பஸ் ஏறி எங்கள் கொட்டகைக்கு வந்துவிடுவார். மிதக்கிற சாமானையே தட்டித் தட்டி அலுத்துவிட்டது, பறக்கிற சாமானில் ஒருமுறை கை வைக்க வேண்டும் என்பார். விமானம் முழுதாக முடியும் முன்பே ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிவிட்டார். அது பறந்ததை அவர் பார்க்கவே இல்லை.

பறந்தது, நன்றாகவே பறந்தது. ஒரே ஒரு கோளாறு. விமான இறக்கையின் பின்னோரத்தில் கீல் வைத்த மடல் ஒன்று இருக்கும், ஏலெரான் என்பார்கள். கையிலுள்ள பிடியைச் சாய்த்தால் ஒரு பக்கத்து மடல் மேலே போகும், மறுபக்கத்து மடல் கீழே வரும், விமானம் சாய்ந்து திரும்பும். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு தள்ளும். எங்கள் விமானம் மெதுவாகப் போகும்போது பிடி சொன்னபடி கேட்கும். வேகம் எடுத்ததும் அம்மிக்கல்லாகிவிடும். இரண்டு கையும் போட்டு இழுத்து இழுத்து என் வலது தோள் போயே போய்விட்டது.

ஒன்று விமானத்தை விடு, இல்லாவிட்டால் விமானத்தைச் சரிபண்ணு என்றார் டாக்டர். லிம் அதற்கும் மேலே போனார். அவசரத்துக்குத் திருப்ப முடியாத விமானம் ஒருநாள் ஆளைக் கொன்றுவிடும், வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார், நீ திரும்பி வரும்போது வழியோடு வந்தால் சரி, வெறுங்கையோடு வந்தால் விற்றுவிடலாம் என்றார். நியாயமான பேச்சுதான். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. நான் பிள்ளை குட்டி இல்லாதவள். அந்த விமானத்தை விட்டால் எனக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் இல்லை.

நாங்களே பிரித்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஏலெரானை லேசாக்குகிறேன் என்று கண்டபடி நோண்டினால், வேகத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டு இறக்கையையே பிய்த்துவிடும். கட்டியவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்டேன். ஒருமுறையா இருமுறையா, போன் போட்ட போதெல்லாம் கேட்டேன். "அண்ணே, ஏலெரான் ரொம்ப வெயிட்டா இருக்கு" என்பேன். "சந்தோசம் டீச்சர். அப்டியே வுடு, கை வெக்காத" என்பார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ரெண்டு கையும் வேண்டியிருக்கு அண்ணே" என்றேன். "அய்ய, அவ்ளோ மருவாதல்லாம் வேணாம் டீச்சர்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மனுஷனுக்கு இவ்வளவு திமிரா என்று எனக்கு வயிறு எரிந்தது. நேரில் போய் ஒரு பிடி பிடிப்பது என்று கிளம்பினேன்.

மாதா கோயில் பக்கத்துத் தெருமுனையோடு ஆட்டோ நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் லாரி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள். எங்கள் ஊரில் வழியை ஒரு லாரி அடைத்தால் அவரவர் காருக்குள் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்போம். இங்கே ஒரு பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கு என்று கேட்டுவிட்டு, என் பெட்டியைத் தூக்கிக் குடங்களுக்கு மேலாக அடுத்த பெண்மணியிடம் கொடுத்தாள். பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. நான் அதன் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டி அந்தோணி அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஏறியிருந்தது.

அண்ணன் கொஞ்சம் இளைத்திருந்தார். குரல் மட்டும் அப்படியே கப்பல் பட்டறைக் குரல். நான் வாயைத் திறக்கும் முன் என்னை வராந்தாவில் நிறுத்தி, எதிர்வீடு, பக்கத்து வீடு, கீழே குடத்தோடு நின்றவர்கள் என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

"இவங்கதான் நம்ப டீச்சரு. நம்ப ரெக்கைய ஓட்டிக்கினு கீறவங்க. வெயிட்டா கீதுன்னு போன்ல சொல்லுவாங்கன்னு சொன்னேனே, அவங்க."

ஆஹா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் கை கூப்பினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தன் வேலையில் உள்ள குறையைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

சண்டையை ஆரம்பிக்கலாம் என்றால் ஸ்டெல்லா அண்ணி விடவில்லை. வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தார். அதைவிட நெத்திலிக் குழம்பு. எங்களுக்கு நெத்திலி என்றால் கருவாடுதான், நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் மொறுமொறுவென்று கிடக்கும். பச்சை நெத்திலியைப் புளியும் மாங்காயும் போட்டுக் கொதிக்கவைத்து, முள்ளோடு மென்று தின்னச் சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் முறை சோறு வாங்கியபோது நிமிர்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, வெயில் உள்ளே படாமலிருக்கத் தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மேலே காக்கா உட்கார்ந்திருந்தது. தகட்டின் ஓரத்தில் ஆணி வரிசை. இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று எழுந்து போனேன். பார்த்தால் ஏலெரான்.

முதலில் செய்த ஜோடியாம் அது. விளிம்பு மொக்கையாகப் போய்விட்டது என்று அவரே ஒதுக்கிவிட்டு, வேறு ஜோடி செய்து இறக்கையில் மாட்டியிருக்கிறார். ஒதுக்கியதைத் தூக்கிப்போட மனம் வராமல் ஊருக்குச் சாமான் அனுப்பிய பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். ஒன்று இங்கே ஜன்னலுக்கு நிழல். இன்னொன்று எர்ணாவூரில் அவருடைய அக்கா வீட்டில், மொட்டைமாடி மழைத்தண்ணீரை டிரம்முக்குக் கொண்டுவருகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே சண்டை போடுவது.

மறுநாள் காலையில் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனார். மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு துறைமுகத்தில் நின்றன. கரையில் மட்டும் வேலை மும்முரம். சுரண்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், வலை தைக்கிறார்கள். அண்ணன் சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவந்த இறாலைப் பார்த்ததும் பேரம் பேசக் குந்திவிட்டார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஓர் இடத்தில் புதிதாக நீலமும் மஞ்சளும் அடித்த பைபர் படகு ஒன்றைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். முன்பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம், பின்பக்கத்தில் புத்தம் புதிய மோட்டார். அதில் ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, படகின் சொந்தக்காரரிடம், "மாமு, போட்டு செம வெயிட்டா கீது" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் பெயர். வெயிட் என்றதும் நான் குறுக்கே புகுந்தேன். எடை கூடினால் படகு தண்ணீருக்குள் அதிகம் இறங்கும், எண்ணெய் கூடச் செலவாகும், அந்த மரப்பலகை இரண்டையாவது கழற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். சொந்தக்காரர் முகம் சுருங்கிப்போயிற்று. கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்து மூக்கு சரியில்லை என்று சொன்னவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

முதலில் பேசியவர்தான் இரக்கப்பட்டார். "வெளியூராம்மா நீ? வெயிட்டா கீதுன்னா கனமா கீதுன்னு இல்லம்மா. சூப்பரா கீதுன்னு அர்த்தம். கெத்தா கீதுன்னு."

போனில் நான் சொன்னது ஒவ்வொன்றும் திரும்பக் காதில் விழுந்தது. அண்ணே, ஏலெரான் ரொம்ப வெயிட்டா இருக்கு. சந்தோசம் டீச்சர். அண்ணே, இன்னிக்கும் வெயிட்டாத்தான் இருந்துச்சு. அப்டியே வுடு டீச்சர். அண்ணே, ரெண்டு கையும் வேண்டியிருக்கு. கும்பிடுவதற்கு இரண்டு கை வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் பாவி மனுஷன். கனம் என்று சொல்லியிருக்கலாம். பாரம் என்று சொல்லியிருக்கலாம். தமிழில் வேறு சொல்லா இல்லை. படித்த திமிரில் வெயிட்டு வெயிட்டு என்றே சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவர் ஊரில் அது பாராட்டு. இரண்டு வருஷமாக நான் போன் போட்டு அழ, அவர் கேட்டுக் கேட்டு மகிழ்ந்திருக்கிறார்.

இறால் பையோடு வந்த அண்ணன், ஏன் மூஞ்சி பேஜாரா கீது என்று கேட்டார். வெயில் என்றேன்.

சண்டை போட வந்தவளுக்கு இப்போது சண்டையே இல்லை, அதைவிடப் பெரிய தொல்லை. சொல்லாமல் திரும்பினால் விமானம் போகும். சொன்னால் இந்த மனுஷனின் பெருமை போகும், அதுவும் தெரு முழுக்கச் சொல்லிவைத்த பெருமை. சமையலறையில் இறால் உரித்துக்கொண்டே ஸ்டெல்லா அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு இறாலைக்கூட நிறுத்தவில்லை.

"சொல்லிடு. மொறைச்சிகினு ரெண்டு வேளை துன்ன மாட்டாரு. மூணாவது வேளை துன்னுவாரு. கப்பல்ல வேலை செஞ்ச காலத்துலேர்ந்து அதான் கணக்கு" என்றார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான் சொன்ன வெயிட்டு வேறு அண்ணே, கனம் என்று சொன்னேன், பிடியைத் திருப்ப முடியவில்லை, என் தோள் போய்விட்டது, சரியாகாவிட்டால் லிம் விற்றுவிடுவார் என்றேன். அண்ணன் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து கை கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அந்தச் சோற்றைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலுக்குப் போனேன். காக்காவை விரட்டிவிட்டு அந்தப் பழைய ஏலெரானின் பின்விளிம்பைச் சும்மா தடவினேன். பென்சிலைப் போல் உருண்டு மொத்தமாக இருந்தது. தடவிய கை நின்றுவிட்டது. எங்கள் விமானத்தில் இருக்கிற விளிம்பு இப்படி இருக்காது. கத்தி மாதிரி இருக்கும். தாளை வைத்தால் மடிப்பு விழும். அவ்வளவு நேர்த்தி. வரைபடத்தில் எப்படிப் போட்டிருந்தது என்று கண்ணை மூடி யோசித்தேன். உருட்டித்தான் போட்டிருந்தது.

விளிம்பு மொத்தமாக இருந்தால் அந்தப் புடைப்பைச் சுற்றிப் போகும் காற்று, மடலைத் திருப்ப நமக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்யும். அழுத்திக் கூராக்கிவிட்டால் பக்கங்கள் உள்வாங்கிவிடும், ஒத்தாசை போய்விடும், எல்லாப் பாரமும் நம் கைக்கு வரும். இது எனக்குத் தெரிந்ததுதான், படித்ததுதான். ஆனால் அழகான வேலையைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும். இருந்தாலும் ஒன்றைத் தடவிப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. காக்கா உட்கார்ந்து உட்கார்ந்து கூட விளிம்பு மொத்தமாகியிருக்கலாம். எர்ணாவூரில் இருக்கிற மற்றதையும் பார்க்க வேண்டும்.

மறுநாள் அண்ணன் விடியும்போதே எங்கோ போய்விட்டார். ராத்திரிச் சாப்பாடும் இல்லை, காலைச் சாப்பாடும் இல்லை. நான் தனியாக ஷேர் ஆட்டோ ஏறினேன். அங்கேதான் அடுத்த கூத்து. எர்ணாவூர் என்று சொன்னதாக நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எண்ணூர் என்று கேட்டதாக டிரைவர் சத்தியம் செய்வார். எட்டு பேர் உட்கார்ந்த வண்டியில் என் மடியில் ஒருவருடைய கோழிக்கூடை. திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் சாலையை ஒரு பக்கமாக அடைத்துக்கொண்டு நின்றன. துறைமுகத்துக்குள் போக வரிசையாம். ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் ரேடியோ கேட்போம். இங்கே பருப்பு வெந்துவிடும் போலிருக்கிறது. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்த பிறகுதான், எர்ணாவூர் இன்னும் வரவில்லையா என்று கேட்டேன். வண்டியில் இருந்த எல்லோரும் சேர்ந்து என்னையும் டிரைவரையும் திட்டினார்கள். கோழிக்கார அம்மா என்னை இறக்கி, எதிர்த்திசையில் வந்த வண்டியை மறித்து ஏற்றி, "இவங்கள எர்ணாவூர்ல எறக்கி வுடு நைனா, வெளியூரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அண்ணனின் அக்கா ரெஜினா அக்காவின் வீடு அடுக்குமாடியின் தரைத்தளத்தில். கடல் அரித்துப் பழைய வீடு போனவர்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. வாசலில் நீல டிரம். டிரம்முக்கு மேலே தகடு இருந்த இடம் காலி. கழற்றிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார் அந்தோணி அண்ணன். கட்டைவிரல் விளிம்பில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னாலேயே அவருக்குத் தோன்றிவிட்டது.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன். அதே பென்சில். காக்கா மேல் பழி இல்லை.

கப்பல் பட்டறையில் மொண்ணை விளிம்பு விட்டால் கேவலம் என்றார் அண்ணன். சுக்கானோ, விசிறியோ, எதுவாக இருந்தாலும் பின்விளிம்பைக் கூராக முடிக்கிறவன்தான் வேலைக்காரன். வரைபடத்தில் உருட்டிப் போட்டிருந்ததைப் பார்த்து, வரைந்தவனுக்கு வேலை தெரியாது, நாம் ஒழுங்காகச் செய்து கொடுப்போம் என்று நினைத்திருக்கிறார். முதல் ஜோடியை வரைபடப்படி செய்தார், பார்க்கப் பிடிக்கவில்லை. இரண்டாவதை மனசுப்படி செய்தார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ரெஜினா அக்கா ஒரு தட்டில் சோறும் கருவாட்டுத் தொக்கும் கொண்டுவந்து தம்பியின் பக்கத்தில் வைத்தார். அண்ணன் சாப்பிட ஆரம்பித்தார். எண்ணிப் பார்த்தேன், மூன்றாவது வேளை.

ஆனால் இதெல்லாம் நம் யூகம்தானே என்றேன். வாத்தியார் புத்தி. நிரூபிக்காமல் ஊருக்குப் போய் லிம்மிடம் என்னவென்று சொல்வது. இரண்டு மடல் இருக்கிறது, ஒன்றைக் கூராக்குவோம், ஒன்றை அப்படியே விடுவோம், இரண்டையும் காற்றில் பிடித்துப் பார்ப்போம் என்றேன். அண்ணன் சாப்பிட்ட கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

ராயபுரத்து ஜன்னல் மடலும் வந்து சேர்ந்தது. இரண்டு பலகைக்கு நடுவில் அந்த ஜன்னல் மடலின் விளிம்பைக் கொடுத்து, மரை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். அந்த வேலையைப் பார்க்க ஒரு பக்கம் ஆசையாக இருந்தது, ஒரு பக்கம் சங்கடமாக இருந்தது. தெரிந்தே ஒரு தப்பை இரண்டாம் முறை செய்கிறார், அதுவும் அவ்வளவு அழகாகச் செய்கிறார். பலகையைக் கழற்றியபோது விளிம்பு கத்தியாக மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை சாலை கொஞ்சம் காலியாக இருக்கும் என்றார்கள். ஆனால் பூசைக்குப் போகாமல் எந்த ஆராய்ச்சியும் கிடையாது என்று ஸ்டெல்லா அண்ணி சொல்லிவிட்டார். முதல் பூசை முடிந்து, கோயில் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார் அண்ணன். தண்ணீர் கேன் போடுகிற பாபு என்பவரின் குட்டி லாரி. அதன் பின்பக்கத்தில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைக் கட்டி, அதில் மடலின் கீலை மாட்டி, பிடிக்க ஒரு கட்டையையும் பொருத்தினோம். இறக்கைக்குப் பதிலாக மடலுக்கு முன்னால் ரெஜினா அக்கா கொடுத்த ஒரு பலகை. அசல் இறக்கைக்கு அது ஈடாகாதுதான். ஆனால் இரண்டு மடலுக்கும் அதே பலகை, அதே கட்டை, அதே வேகம் என்றால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கடலோரச் சாலையில் வண்டி பறந்தது. முதலில் மொத்த விளிம்பு. கட்டையைப் பிடித்துத் திருப்பினேன். மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே, தோள் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே வந்த லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "இன்னா ஆயா, பறக்கப் போறியா?" என்றார். ஆமாம் என்று கத்தினேன்.

திரும்பி வந்து மடலை மாற்றினோம். கூர் விளிம்பு. பாபுவிடம் அதே வேகம் என்று சொன்னேன். கட்டையைத் திருப்பினேன். மடல் எதிர்த்து நின்றது. கொஞ்சம் திருப்பலாம், அதற்கு மேல் முரண்டு பிடித்தது. என் தோளுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. ஈப்போ வானத்தில் பழகிய அதே முரண்டு, அளவில் மட்டும் சின்னது. வண்டியின் கூரையைத் தட்டி நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க ஏறுங்க" என்றேன்.

வேண்டாம் என்றார். நீயே பார்த்துவிட்டாயே என்றார். நான் விடவில்லை. அவர் செய்த மடலை அவர் காற்றில் பிடித்ததே இல்லை. வெள்ளைச் சட்டையோடு பின்பக்கம் ஏறி, காலை அகட்டி நின்று, கட்டையைப் பிடித்தார். நான் கூடவே நின்றேன். வண்டி வேகம் எடுத்தது. ஒரு கையால் திருப்பினார். வரவில்லை. அவருக்கு நல்ல பலம், தகடு வளைத்த கை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். கொஞ்சம் வந்தது. பிறகு இரண்டாவது கையையும் போட்டார்.

இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டை காற்றில் படபடத்தது. வண்டி நின்ற பிறகும் கட்டையை விடவில்லை.

"இத்தையா டீச்சர் ரெண்டு வருசமா புடிச்சிக்கினு இருந்த?" என்றார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றில் தூசி என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார், நான் அப்படி நினைக்கவில்லை.

என்னோடு ஈப்போவுக்கு வந்து புது ஜோடியை நீங்களே செய்யுங்கள் என்று கேட்டேன். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, அது புதுப்பித்து வருவதற்குள் உன் ஆள் விமானத்தை விற்றுவிடுவான் என்றார். அதற்குப் பதிலாக, கிளம்புகிற நாள் காலையில் என்னிடம் ஒரு நீளமான மரச்சட்டம் கொடுத்தார். தேக்கு. பென்சில் தடிமனுக்கு ஓரத்தை உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். தகடு வளைக்கும்போது இதை உள்ளே கொடுத்து வளை, இதற்கு மேல் ஒரு இழைகூட அழுத்தாதே என்றார். இன்னும் லேசாக வேண்டும் என்று பேராசைப்பட்டு இதைவிட மொத்தமாகவும் விடாதே, அப்புறம் பிடி தானாகவே ஓடும் என்றும் சொன்னார். மாட்டுவதற்கு முன் முன்பக்கத்து ஈயக்கட்டியை வைத்து எடை சமன் பார்க்கச் சொல்லி என்னிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார்.

கூராக்கிய மடல் திரும்பவும் ஜன்னலுக்கே போனது. அதில் காக்காவால் சரியாக உட்கார முடியவில்லை, வழுக்கி வழுக்கி இறங்கியது. அது ஒன்றுதான் இதில் லாபம் என்றார் ஸ்டெல்லா அண்ணி. கீழே குடத்தோடு நின்ற தெருவுக்கு அண்ணன் என்ன சொல்லியிருந்தாரோ தெரியாது. நான் போகும்போது யாரும் வெயிட்டு என்ற பேச்சை எடுக்கவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

விமான நிலையத்தில் ஒரு அதிகாரி அந்தச் சட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இதில் எப்படிச் சப்பாத்தி தேய்ப்பீர்கள் என்று கேட்டார். வீட்டில் நிறைய ஆள் என்றேன்.

ஈப்போவில் நானும் லிம்மும் அந்தச் சட்டத்தை உள்ளே கொடுத்துப் புதுத் தகடு வளைத்தோம். பார்க்க மொக்கையாகத்தான் இருந்தது. எடை சமன் பார்த்தோம், மாட்டினோம், தரையில் சோதித்தோம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி லிம் பறந்து பார்த்தார். அடுத்தது நான். முழு வேகத்துக்குப் போய், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பிடியைச் சாய்த்தேன். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்ப நேராயின. மறுபக்கம் சாய்த்தேன். அந்தப் பக்கமும் சாய்ந்தன. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். இறங்கி வந்ததும் லிம், வாங்க இருந்தவருக்கு வேறு விமானம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே ராயபுரத்துக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை என்ன சொல்வது என்று கவனமாக யோசித்து வைத்திருந்தேன்.

"அண்ணே, வெயிட்டா கீது" என்றேன்.

அந்தப் பக்கம் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது கேட்டது.

"எந்த வெயிட்டு டீச்சர்?" என்றார் மெதுவாக. "ஒங்க ஊரு வெயிட்டா, எங்க ஊரு வெயிட்டா?"

"உங்க ஊரு வெயிட்டு அண்ணே."